ஜிஆர்இ வெர்பல் 148-லேயே நிற்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஊர் திருநெல்வேலி, பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இன்னும் ஆறு வாரத்தில் ஜிஆர்இ, அதாவது வெளிநாட்டில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. நான்கு மாதம் படித்தும் மாதிரித் தேர்வுகளில் வெர்பல் (ஆங்கில மொழிப் பகுதி) மதிப்பெண் 148-ஐத் தாண்டவில்லை.

ஆன்கி என்ற, அட்டை அட்டையாகச் சொற்களை மனப்பாடம் செய்யும் செயலியில் தினம் பத்து வீதம் 1,100 சொற்கள் முடித்தேன். ஆங்கில நாளிதழ் தலையங்கமும் வாசிக்கிறேன். அட்டையில் பார்த்தால் பொருள் டக்கென்று வருகிறது. வாக்கியத்துக்குள் வந்தால் தடுமாற்றம். நேற்று 'சாங்க்வின்' என்பதை ரத்தவெறி என்று எடுத்துக்கொண்டேன். அது 'சாங்க்வினரி'. சாங்க்வின் என்றால் நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கை. இரண்டுக்கும் வேர் ரத்தத்தைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல், அதனால்தான் குழம்புகிறது. ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் ஒன்று தப்பினாலும் மதிப்பெண் இல்லை, அங்கேதான் பெரிய அடி.

புதுச் சொற்களை நிறுத்திவிட்டு, படித்த சொற்களை வாக்கியத்தில் பழக என்ன முறை உங்களுக்குக் கைகொடுத்தது?