இலவச கால்நடை ஆஸ்பத்திரி: மனதை விட்டுப் போகாத ஒரு கேஸ், எழுதுங்கள்

தாம்பரம்_ஞாயிறு
ஞாயிறுதோறும் ஓ.பி.யில் நாயைப் பிடித்துக்கொள்வது என் வேலை. போன கார்த்திகையில், துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் குப்பை வண்டியிலேயே சாக்கு விரித்து ஒரு செவலை நாயைக் கொண்டுவந்தார். காதுக்குப் பின்னால் புழுப்புண். அந்த வாடை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

டர்பன்டைன் நனைத்த துணியை வைத்ததும் புழுக்கள் மேலே வர ஆரம்பித்தன. இடுக்கியால் எடுத்து டிரேயில் போடப் போட, அந்த அம்மா வாய்க்கட்டுக்கு மேல் கையை வைத்து "இரு ராசா, இரு ராசா" என்றபடியே நின்றார். இடுக்கி பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. அவ்வளவு ஆழம்.

கிளம்பும்போது "எவ்வளவுங்க ஆச்சு?" என்றார். காசு கிடையாதம்மா என்றோம். முந்தானை முடிச்சை அவிழ்த்து முப்பது ரூபாயை உண்டியலில் போட்டார். அப்போதுதான் நான் சொன்னேன், "பத்து நாள் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போங்கம்மா." டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நானாகச் சொன்னது.

மூன்றாம் நாள் செவலை போய்விட்டது. அவரிடம் போன் இல்லாததால் சொல்ல வழியில்லை. சரியாகப் பத்தாம் நாள் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் புதுக் கயிறும்.

கோவை_அசிஸ்டென்ட்
தம்பி, வருத்தம் புரிகிறது. ஆனால் நாள் சொன்னது தப்பு. புண் அவ்வளவு ஆழம் என்றால் உடம்பெல்லாம் சீழ் பரவியிருக்கலாம். "பார்க்கலாம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எனக்கும் ஒரு ஆட்டுக்குட்டி விஷயத்தில் இதே நடந்தது, அதிலிருந்து சொல்வதில்லை.

படிக்கிறவர்களுக்காகச் சிலது சொல்கிறேன். முதலில் புண்ணைச் சுற்றி முடியை வெட்டுங்கள். ஈ முட்டையிட்ட ஒரே நாளில் புழு வந்துவிடும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். டர்பன்டைனைப் புண்ணுக்குள் ஊற்றக் கூடாது. துணியில் நனைத்துப் புண்ணின் வாயில் வைத்தால் மூச்சுக்குத் தவித்துப் புழு தானே மேலே வரும். கண், மூக்குப் பக்கம் அதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். சதை வெந்துபோகும், நக்கினால் விஷம். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது, மறுநாளும் அதற்கு மறுநாளும் கிளறிப் பார்க்க வேண்டும். புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசியை டாக்டர்தான் எடை பார்த்துப் போட வேண்டும். கோலி வகை நாய்களுக்கு அது ஆகாது.

பூனைவீடு
என்னுடையது பாரசிட்டமால் கேஸ். எட்டாவது படிக்கும் பையன், பள்ளிச் சீருடையோடு, துண்டில் சுற்றிய பூனையைக் கொண்டுவந்தான். முந்தின ராத்திரி உடம்பு சுட்டதாம். அவன் அம்மா, அவனுக்குக் கொடுப்பதுபோலவே அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். பாசத்தில் செய்தது. பூனையின் உடம்பால் அந்த மருந்தைச் செரித்து வெளியேற்ற முடியாது. ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும்.

டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு சாக்லேட் நிறத்தில் இருந்தது. முகம் வீங்கி, கண் கோடு போலாகிவிட்டது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் அன்றைக்கு ஸ்டாக் இல்லை. மூன்று மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். திரும்பி வந்தபோதும் அந்தப் பையன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். "அம்மாகிட்ட மாத்திரைனாலதான்னு சொல்லாதீங்க அக்கா" என்றான்.

கோவை சார், நாள் சொல்லக் கூடாது என்பது சரி. ஆனால் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை. தாம்பரம் தம்பி செய்ததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற_கம்பவுண்டர்
மாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் 19 வருஷம் இருந்தேன். மார்க்கெட் பக்கம் திரிந்த கறவை மாடு, நான்கு நாளாக அசை போடவில்லை, இடது வயிறு மத்தளம் மாதிரி. நிற்க வைத்தே இடுப்புப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, இரைப்பையைத் திறந்தோம். டாக்டரின் கை தோள்வரை உள்ளே. கேரி பேக், கயிறு, சாக்கு நார் எல்லாம் முறுகித் திரிந்து ஒரே வடமாக வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஆணி ஒன்று, ஒரு ரூபாய்க் காசு ஒன்று.

அதில் ஒரு பை முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. நான்தான் கத்தரித்தேன். உள்ளே சாம்பார் சாதம். மாடு தேடியது அதைத்தான், பையோடு விழுங்கியிருக்கிறது, சோற்றில் ஒரு பருக்கைகூட அதற்குச் சேரவில்லை. பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ பார்த்தேன், அந்த முடிச்சு மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. என் வீட்டில் மிச்ச சோற்றை இலையில் வைப்போமே தவிரப் பையில் கட்ட மாட்டோம்.

மதுரைக்காரி
நான் சேர்ந்து இரண்டாவது வாரம். ஒரு நாய், கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது. "எலும்பு மாட்டியிருக்கும்" என்று கொண்டுவந்தவர் சொன்னார். நானும் வாய்க்குள் விரலை விட்டுத் தேடினேன். என் நகக்கண்ணில் ஒரு சின்ன வெட்டு இருந்தது.

அப்புறம் அது தண்ணீர்க் கிண்ணத்தருகே போயிற்று. மூக்குவரை முகத்தை அமிழ்த்திக்கொண்டு நக்கப் பார்த்தது. நாக்கு அசையவில்லை. தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. அதைப் பார்த்த சீனியர் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வைத்தார். வெறிநோய் என்றால் கடிக்க ஓடி வரும் என்றே நினைத்திருந்தேன். இப்படி வாய் செயலிழந்து சாந்தமாகவும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் நாள் அது இறந்தது.

பெரியாஸ்பத்திரியில் வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் போட்டார்கள், தடுப்பூசி 0, 3, 7, 28 என்று நான்கு நாளும் போய்ப் போட்டுக்கொண்டேன். என்னை உறுத்துவது வேறு. அந்த நாயைத் தூக்கிவந்தவருக்கும் ஊசி வேண்டும் என்பது எங்களுக்கு மறுநாள்தான் உறைத்தது. தெருத் தெருவாகத் தேடி, மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பஞ்சர் கடையில் கண்டுபிடித்தோம். அதுவரை நான் தூங்கவில்லை. சேவைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே போடும் ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள், ப்ளீஸ்.

தாம்பரம்_ஞாயிறு
கோவை சார் சொன்னது வலிக்கிறது, ஆனால் உண்மை. இப்போது நாள் சொல்வதில்லை. போன் இல்லாதவர்களிடம் பக்கத்துக் கடை நம்பரையாவது வாங்கி கேஸ் சீட்டில் எழுதிவிடுகிறேன். அந்த அம்மா கயிற்றை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார், "வேற எதுக்காவது ஆகும்" என்று.

பூனைவீடு அக்கா, அந்தப் பூனை?

பூனைவீடு
பிழைத்தது தம்பி. நான்காம் நாள் நெத்திலிக் கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாம் நாள் தின்றது. பையனின் அம்மாவிடம் காய்ச்சல் என்றுதான் சொன்னோம், ஆனால் வீட்டு மாத்திரை எதையும் இனி கொடுக்காதீங்க என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினோம்.