நேசன்ட், இன்ஸிபியன்ட், இன்கோயெட்: எதை எங்கே போடுவது? உதவி தேவை

கொங்குப்பெண்:
வணக்கம். வேளாண் விரிவாக்கத்தில் எம்.எஸ்ஸி. ஆய்வேட்டின் ஆங்கிலச் சுருக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேசன்ட் ('புதிதாக உருவாகிவரும்') என்ற சொல்லை மூன்று இடத்தில் வட்டமிட்டு, "மூன்றும் ஒன்றா?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார் கைடு.

முதல் இடம்: போன வருடம் பதிவான ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், இன்னும் சொந்தக் காலில் நிற்கவில்லை. இரண்டாவது: நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி நோய் இப்போதுதான் தலைகாட்டும் கட்டம். மூன்றாவது: விலை நிர்ணயம் பற்றி உறுப்பினர்கள் மனதில் ஏதோ ஓர் எண்ணம் இருக்கிறது, ஆனால் கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

தெசாரஸில் இன்ஸிபியன்ட், இன்கோயெட், எம்ப்ரியானிக், ஃப்ளெட்ஜ்லிங் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கின்றன. எதையாவது எடுத்துப் போட்டால் சரியாகிவிடுமா?

ஸ்டைல்மன்னன்:
நிறுவனத்துக்கு பர்ஜனிங் போடுங்க. கெத்தா இருக்கும்.

பழைய ப்ரூஃப்ரீடர்:
ஐயோ, வேண்டாம் தம்பி. பர்ஜனிங் என்றால் மளமளவென்று பெருகுகிறது என்று பொருள். காலூன்றாத நிறுவனத்துக்கு அதைப் போட்டால் வைவாவில் வரவு செலவுக் கணக்கைக் கேட்பார்கள்.

கொங்குப்பெண், உங்கள் கைடு கேட்டது நியாயமான கேள்வி. இலைப்புள்ளிக்கு இன்ஸிபியன்ட்தான், யோசிக்கவே வேண்டாம். இப்போது சிறிது, விட்டால் முற்றும் என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கண் மருத்துவர்கள் ஆரம்பக் கண்புரையையும், பல் மருத்துவர்கள் குழி விழுவதற்கு முந்தைய சொத்தையையும் இப்படித்தான் சொல்கிறார்கள். கையில் தூக்கும் தீயணைப்பானாலேயே அணைத்துவிடக்கூடிய தொடக்கத் தீக்கும் இதே பெயர். அதனால் பெரும்பாலும் கெட்டதோடுதான் சேர்ந்து வரும். நல்ல விஷயத்துக்குப் போட்டால் தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் படிப்பவர் ஒரு நொடி நெற்றியைச் சுருக்குவார். எழுத்தைக் கவனியுங்கள்: 'ஸி' ஒலிக்கு சி எழுத்து. எஸ் போட்டால் 'அறிவிலி' என்ற பழைய சொல் ஒன்று வந்து நிற்கும்.

நிறுவனத்துக்கு ஃப்ளெட்ஜ்லிங். இறகு முளைத்துப் பறக்கப் பழகும் குஞ்சுக்கு உரிய சொல். மனிதர்கள் கூடி நடத்துகிற கட்சி, கம்பெனி, குடியரசு எல்லாவற்றுக்கும் இயல்பாகப் பொருந்தும். நேசன்ட்டும் பிழையில்லை, ஆனால் அது பிறந்ததை மட்டும் சொல்லும், தள்ளாட்டத்தைச் சொல்லாது. லத்தீனில் 'பிறத்தல்' என்பதுதான் அதன் வேர். பள்ளி வேதியியலில் வந்த நேசன்ட் ஹைட்ரஜன் ஞாபகம் இருக்கிறதா? வினையில் அப்போதே உருவாகும் ஹைட்ரஜன். அதே பொருள்தான்.

கோர்ட்டுவாசி:
மூன்றாவது இடத்துக்கு இன்கோயெட். தொடங்கியாச்சு, முழு வடிவம் வரவில்லை என்பதற்கு எங்கள் தொழிலில் இதுதான் சொல். 1881-ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் பாருங்கள். முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும் போட்டு, தொகையை நிரப்பாமல் கொடுக்கிற புரோநோட்டு இன்கோயெட் ஆவணம். அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரம் வாங்கியவருக்குப் போய்விடுகிறது (எத்தனை குடும்பம் இதில் மாட்டியிருக்கிறது தெரியுமா!). குற்றவியலில் முயற்சி, கூட்டுச்சதி எல்லாம் இந்த வகைக் குற்றங்கள். முயற்சி முன்பு ஐ.பி.சி. 511, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 62. உச்சரிக்கும்போது 'ச' வராது, 'க'தான்.

பழைய ப்ரூஃப்ரீடர்:
சார், பொருள் சரிதான். ஆனால் இவர் எழுதுவது வேளாண் ஆய்வேடு. இன்கோயெட்டைப் பார்த்ததும் பாதிப் பேர் 'குழப்பமான' என்றே படிக்கிறார்கள். உழவர்கள் குழம்பிப்போனவர்கள் என்று தேர்வாளர் எடுத்துக்கொண்டால்? நான் ஹாஃப்-ஃபார்ம்ட், அதாவது 'பாதி உருவான', என்று போடுவேன்.

கோர்ட்டுவாசி:
படிக்கிறவர் தப்பாகப் படிப்பார் என்று நல்ல சொல்லைக் கைவிடுவதா? இருந்தாலும் அந்த இடத்தில் உங்கள் பயம் நியாயம்தான். ஹாஃப்-பேக்ட் மட்டும் போட்டுவிடாதீர்கள் அம்மா, அது 'அரைவேக்காடு' என்று திட்டுவது.

கொங்குப்பெண்:
மிக்க நன்றி சார், இருவருக்கும். இன்னும் ஒன்று. நிறுவனத்தை எம்ப்ரியானிக் என்று சொன்னால்? அவர்களுடைய கணக்கு வைப்பு முறையை ருடிமென்டரி என்று எழுதியிருக்கிறேன், அது?

பழைய ப்ரூஃப்ரீடர்:
எம்ப்ரியானிக் என்றால் கரு, இன்னும் பிறக்கவில்லை. உற்பத்தியாளர் நிறுவனத்தைத் தனிநபர்களாகச் சேர்ந்து பதிவு செய்யக் குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் வேண்டுமல்லவா? அந்தப் பத்துப் பேர் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த காலம் எம்ப்ரியானிக். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தபின் அந்தச் சொல் பொருந்தாது.

ருடிமென்டரி இருக்கட்டும். ஆனால் அதில் காலம் இல்லை, எளிமை மட்டும்தான். இருபது வருடப் பழைய சங்கத்தின் கணக்கும் ருடிமென்டரியாக இருக்கலாம். இப்போதுதான் தொடங்கிய கணக்கு என்று சொல்ல நினைத்தால் வேறு வாக்கியம் எழுதுங்கள்.

கொங்குப்பெண்:
ஒரு நோட்டில் வரவு மட்டும் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அப்போ ருடிமென்டரி சரி. நிறுவனத்துக்கு ஃப்ளெட்ஜ்லிங், நோய்க்கு இன்ஸிபியன்ட், எண்ணத்துக்கு ஹாஃப்-ஃபார்ம்ட் போட்டுவிட்டேன். முன்னுரையில் "வெரி நேசன்ட் ஸ்டேஜ்" என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. மாவட்டத்தில் சிறுதானிய மதிப்புக்கூட்டல் தொழில் பற்றியது.

பழைய ப்ரூஃப்ரீடர்:
புதிதாக முளைத்த தொழிலுக்கு நேசன்ட் கச்சிதம். வெரியை மட்டும் அடித்துவிடுங்கள்.