அப்பத்தா எதை மெல்லுறாங்க?

காரைக்குடி பெரியம்மா: [வீடியோ] அத்தை வாயைப் பாருங்க எல்லாரும். வாயில ஒண்ணுமே இல்ல, வெத்தலை மெல்லுற மாதிரி மென்னுக்கிட்டே இருக்காங்க. நாக்கு வேற வெளிய வந்து வந்து போகுது.

திருச்சி அத்தை: ஐயோ, அம்மாவுக்கு என்ன மதினி ஆச்சு 😢

சித்தப்பா: பல்செட் லூசாயிருக்கும்

காரைக்குடி பெரியம்மா: செட்டைக் கழட்டி வச்சிட்டுத்தான் தம்பி வீடியோ எடுத்தேன். கேட்டா "நான் எங்கடி மெல்லுறேன்"ங்கிறாங்க. தூங்குனா நின்னுருது.

திருச்சி அத்தை: கண்ணு பட்டிருக்கும். வெள்ளிக்கிழமை சுத்திப் போடுங்க

செல்வி: சுத்திப் போடுங்க அத்தை, வேணாங்கல. பெரியம்மா, அப்பத்தா சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும் போட்டோ எடுத்துப் போடுங்க. மருந்து பேர் இருக்கிற பின்பக்கம்.

காரைக்குடி பெரியம்மா: [போட்டோ] பிபி, சுகர், அப்புறம் கேஸ் கேப்சூல்

செல்வி: கேஸ் கேப்சூல் எப்ப இருந்து?

காரைக்குடி பெரியம்மா: தீபாவளிக்கு முன்னாடி நெஞ்செரிச்சல்னு குடுத்தது. ஒரு வாரத்துக்குத்தான் எழுதினாரு. நல்லா கேட்டுச்சேன்னு மெடிக்கல்ல பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கிட்டே இருக்கோம்.

செல்வி: அதுமேலதான் எனக்குச் சந்தேகம். அதுல ரெண்டு மருந்து இருக்கு. ரேபிப்ரசோல் ஆசிடைக் குறைக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொண்ணு லெவோசல்பிரைடு. வயித்தைச் சீக்கிரம் காலி பண்ணும், ஆனா மூளையில சேதி கடத்துற டோபமைன்ங்கிற ரசாயனத்தைத் தடுக்கும். கூடுதல் அளவுல மனநோய்க்கே குடுக்கிற மருந்து அது. உடம்பு அசைவை அடக்கி ஆளுறதுல டோபமைனுக்குப் பெரிய பங்கு. மாசக்கணக்கா அதைத் தடுத்தா வாய், நாக்கு, தாடை தன்னால ஆட ஆரம்பிக்கும். வயசான பொம்பளைங்களுக்கு இன்னும் சுலபமா வரும்.

சித்தப்பா: கேஸ் மாத்திரைக்கா இவ்ளோ?? பார்க்கின்சன்னு சொல்ற நடுக்குவாதமா இருக்கப்போகுது

செல்வி: அதுல பெரும்பாலும் கை சும்மா மடியில கிடக்கும்போது ஆடும்ப்பா. பெரியப்பாவுக்கு காபி டம்ளரைத் தூக்கினாத்தானே ஆடுது, அது வேற, பரம்பரையாவும் வரும். ஆனா இந்த மருந்தால பார்க்கின்சன் மாதிரியே உடம்பு விறைச்சு நடை சுருங்கவும் செய்யும். தலைசுத்தலுக்குக் குடுக்கிற சின்னாரிசினும் அப்படித்தான்.

காரைக்குடி பெரியம்மா: நடையும் மெதுவாத்தான் இருக்கு. கேப்சூலைக் குப்பையில போட்டுரவா?

செல்வி: அடுத்த வேளைக்கு முன்னாடி டாக்டருக்குப் போன் போடுங்க. அநேகமா நிறுத்தத்தான் சொல்வார். நிறுத்தினதும் கொஞ்ச நாள் ஆட்டம் கூடலாம், பயந்துராதீங்க. பிபி, சுகர் மாத்திரையில கை வைக்காதீங்க. நியூராலஜி, அதான் நரம்பு டாக்டர்ட்டயும் காட்டணும். நாக்கை நீட்டச் சொல்வாங்க, கட்டைவிரலால மத்த விரலைத் தட்டச் சொல்லி, அப்ப வாய் ஆட்டம் கூடுதான்னு பார்ப்பாங்க. இந்த வீடியோவையும் காட்டுங்க.

திருச்சி அத்தை: சரியாயிருமா செல்வி?

செல்வி: சீக்கிரம் நிறுத்தினா நிறைய பேருக்குக் குறையும் அத்தை. சிலருக்குப் போகாம அப்படியே தங்கிரும், அதான் அவசரப்படுத்துறேன். வாந்திக்குக் குடுக்கிற மெட்டோகுளோபிரமைடும் இதே வகைதான். 12 வாரத்துக்கு மேல வேணாம்னு அமெரிக்காவுல 2009லயே மருந்துக் குறிப்புல கட்டம் கட்டி பெரிய எச்சரிக்கை போட வச்சாங்க. நாம அட்டையைக் காட்டி வாங்கிக்கிட்டு இருக்கோம்.

காரைக்குடி பெரியம்மா: டாக்டர்ட்ட பேசிட்டேன். நிறுத்தச் சொல்லிட்டாரு. வியாழக்கிழமை மதுரையில நியூராலஜி.

சித்தப்பா: வண்டி நான் எடுத்துட்டு வரேன் மதினி

காரைக்குடி பெரியம்மா: சரி தம்பி. அத்தை கேக்குறாங்க, இனிமே கேஸுக்கு என்ன குடுப்பீங்களாம்?

செல்வி: ராத்திரி எட்டு மணிக்கு மேல சீடை முறுக்கு கிடையாதுன்னு சொல்லுங்க

காரைக்குடி பெரியம்மா: அதை நீயே வந்து சொல்லு 🙏