டி மைனரில் ஒரே டேக், 6 நிமிடம்: இதை அப்படியே பகிரலாமா?

இரவுவாசிப்பு:
நேற்று இரவு பியானோவில் நோட்ஸ் எதுவும் இல்லாமல், டி மைனர் ஸ்கேலில், பரோக் பாணியில் (17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) 6 நிமிடம் வாசித்துப் பதிவு செய்தேன். வெட்டி ஒட்டவில்லை. யாரிடமும் முறையாகக் கற்கவில்லை, 4 வருடமாகத் தனியாகத்தான் வாசிக்கிறேன். 2:10-ல் எஃப் மேஜருக்குப் போய்விட்டுத் திரும்பி வர வழி தெரியாமல் தவித்திருக்கிறேன். உள்ளதைச் சொல்லுங்கள்.

கறுப்புக்கட்டை:
இரண்டு முறை கேட்டேன். இதில் 40 விநாடிதான் இசை, மீதி விரல் பழக்கம். முதல் இரண்டு நிமிடமும் இடக்கையில் டி மைனர், ஜி மைனர், ஏ மேஜர், டி மைனர் என்று அதே நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) சுற்றிச் சுற்றி வருகிறது. ஏ மேஜரில் ஒலியை நீட்டிக்க மிதித்த பெடலை டி மைனர் வந்த பிறகும் விடவில்லை. சி ஷார்ப்பும் டி-யும் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிறது. ஒருமுறை நீங்களே போட்டுக் கேட்டிருந்தால் இது காதில் பட்டிருக்கும். எழுதுங்கள், வேண்டாததை அடியுங்கள், திருத்துங்கள், அப்புறம் பகிருங்கள். கேட்பவருக்கும் நேரம் முக்கியம்தானே?

மூன்றாம்விரல்:
பெடல் பற்றிச் சொன்னது சரி. "எழுதிவிட்டுப் பகிருங்கள்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. எழுதித் திருத்தினால் அது இசையமைப்பு ஆகிவிடும். அவர் போட்டது அந்தந்த நொடியில் பிறந்தது. 1747-ல் போட்ஸ்டாமில் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் இசையமைப்பாளர் பாக்கிடம் ஒரு கரு, அதாவது ஒரு சிறு மெட்டு, கொடுத்தார். பாக் அங்கேயே உட்கார்ந்து அதை மூன்று குரல் ஃபியூகாக (ஒரே மெட்டை ஒவ்வொரு குரலும் அடுத்தடுத்து எடுத்துப் பின்னும் வடிவம்) வாசித்துக் காட்டினார். எழுதிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பவில்லையே.

கறுப்புக்கட்டை:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். அதே கருவில் அரசர் ஆறு குரல் கேட்டபோது பாக் ஊருக்குத் திரும்பி எழுதித்தான் அனுப்பினார். அவரது 'இசைக் காணிக்கை' தொகுப்பில் இருக்கும் ஆறு குரல் ரிசர்கார் (ஃபியூக் போன்ற வடிவம்) அப்படி வந்ததுதான். எது கையில் நிற்கும், எதற்குத் தாள் வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

புதுவிரல்:
எனக்கு கார்டு பெயரெல்லாம் தெரியாது. அதனால் முதலில் "அருமை" என்று மட்டும் எழுதி அழித்துவிட்டேன். 4:20-ல் வலக்கை சட்டென்று நின்று, இடக்கை மட்டும் தனியாக இறங்குகிறது. அந்த இடத்தில் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டேன்.

கறுப்புக்கட்டை:
புதுவிரல், நூறு "அருமை"யை விட உங்கள் இந்த ஒரு வரி மேல். நான் சொன்ன 40 விநாடியும் அதேதான். டி, சி, பி ஃபிளாட், ஏ என்று பேஸ், அதாவது அடிக்குரல் வரி, படிப்படியாக இறங்குகிறது. பரோக் காலத்தில் புலம்பல் பாட்டுகளுக்கு வைத்த அடித்தளம் அது. அதை மட்டும் போட்டிருக்கலாமே?

மூன்றாம்விரல்:
போட்டிருந்தால் அது இப்படித் தைத்திருக்காது. நான்கு நிமிடம் ஓயாமல் ஓடிய வலக்கை நின்றதால்தான் அந்த அமைதி புதுவிரலுக்குக் கேட்டது. முன்பகுதி சலிப்பூட்டினாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இரவுவாசிப்பு, எஃப் மேஜரிலிருந்து திரும்ப ஒரு வழி: சி-யை சி ஷார்ப் ஆக்கி, ஏ செவன்த் கார்டை வாசியுங்கள். காது தானாக டி மைனரை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். இன்னொன்று, 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் இசைப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பேஸ் வரியை மட்டும் கொடுப்பார்கள். மேலே வருவதை அவர்களே வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பார்டிமெண்டோ என்று பெயர். உங்கள் 4:20 பேஸை அப்படி எடுத்துக்கொண்டு தினமும் வாசித்துப் பாருங்கள். இடக்கை அந்த நான்கு கார்டை விட்டு வெளியே வந்துவிடும்.

இரவுவாசிப்பு:
இருவருக்கும் நன்றி. பெடல் கலங்கல் எனக்குக் கேட்கவே இல்லை, இப்போது கேட்டால் கூசுகிறது. 4:20-ல் நான் நிறுத்தியது திட்டமிட்டு இல்லை. வலக்கைக்கு அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த பேஸை மட்டும் வைத்து, பெடலைத் தொடாமல், இன்று இரவு ஒரு நிமிடம் வாசித்துப் போடுகிறேன். அதுவும் ஒரே டேக்தான்.

கறுப்புக்கட்டை:
ஒரு நிமிடம் என்றால் கண்டிப்பாகக் கேட்கிறேன். போடும் முன் ஒருமுறை நீங்களும் கேளுங்கள். அதில் மட்டும் நான் மாறமாட்டேன்.