ஏற்றிய காசு எங்கே போகிறது? முற்கட்டண காஸ் மீட்டர் அனுபவங்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

2024 ஜனவரியில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றனவோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், உங்கள் ஊரைப் போட்டு இங்கே எழுதுங்கள்.

நவம்பர் கடைசியில் இந்தத் தரைத்தள வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். முதலில் காசு ஏற்றினால்தான் காஸ் தரும் முற்கட்டண மீட்டர் அங்கே இருந்தது. சமையலறை இழுப்பறையில், அதற்குக் காசு ஏற்றும் காஸ் கார்டு ஒன்று கிடந்தது. "இதையே பயன்படுத்துங்கள்" என்றார் வீட்டு முகவர். மூலைக் கடையில் உள்ள, பே-பாயிண்ட் என்ற பணம் கட்டும் இயந்திரத்தில் கார்டில் பத்துப் பவுண் ஏற்றி மீட்டரில் செருகினேன். ஹீட்டிங் ஓடியது. அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

குளிர் இறுகியதும் வாரத்துக்கு இரண்டு முறை பத்துப் பத்தாக ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டே அறை உள்ள வீடு. கணவர் சமையலைக் குறை சொன்னார். நான் பிள்ளைகளின் குளியலைக் குறை சொன்னேன். மாமிக்கு 74 வயது. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், நாங்கள் வேலைக்குப் போனதும் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு, கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு நாள் நேரத்தோடு வீடு திரும்பியபோதுதான் பார்த்தேன். அவருடைய விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. அன்றிரவே கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மீட்டர் அளவையும் மீதிக் காசையும் கோயில் நாட்காட்டியில் எழுதினேன். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் மறுபடியும் எழுதினேன். தொடக்கத்தில் இருந்தது 1.40 பவுண். இடையில் ஏற்றியது 20. முடிவில் இருந்தது 1.85. ஆக, செலவு 19.55. மீட்டரோ 12 கன மீட்டர்தான் ஓடியிருந்தது.

கன மீட்டரை யூனிட்டாக, அதாவது கிலோவாட் மணியாக மாற்றுவது கடினமில்லை. அளவை 1.02264 ஆல் பெருக்கி, காஸின் வெப்பமதிப்பால் (ஒரு கன மீட்டர் எரிந்தால் கிடைக்கும் வெப்பத்தின் அளவால்) மீண்டும் பெருக்கி, 3.6 ஆல் வகுக்க வேண்டும். வெப்பமதிப்பு பெரும்பாலும் 39க்கும் 40க்கும் இடையில் இருக்கும் என்பதால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11.2 யூனிட் வரும். எங்களுக்கு 134 யூனிட் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் யூனிட் விலை ஏறத்தாழ 7.4 பென்ஸ், காஸுக்குப் பத்துப் பவுணுக்குச் சற்றுக் குறைவு. தொட்டாலும் தொடாவிட்டாலும் நாளுக்கு ஏறத்தாழ 30 பென்ஸ் நிலைக்கட்டணம்; ஏழு நாளுக்கு 2.10. எல்லாம் சேர்த்தால் 12 பவுண் சொச்சம்தான்.

மீதி ஏழரைப் பவுண் எங்கே?

மீட்டரில் இருந்த சிவப்புப் பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்திப் பார்த்தேன். மீதிக் காசு, மீட்டர் அளவு, யூனிட் விலை என்று திரைகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒன்று கடன், இன்னொன்று வாரப் பிடித்தம் என்று காட்டியது. வாரப் பிடித்தம் 7.50. இந்த வீட்டில் எங்களுக்கு முன்பு இருந்த யாரோ வைத்துவிட்டுப் போன கடனை, அவருடைய கார்டில் காசு ஏற்றி ஏற்றி நாங்கள் அடைத்துக்கொண்டிருந்தோம்! மாமி குளிரில் உட்கார்ந்து மிச்சம் பிடித்ததெல்லாம் முகம் தெரியாத ஒருவரின் பாக்கிக்குப் போயிருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

காஸ் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். ஐம்பது நிமிடம் காத்திருந்த பிறகு ஓர் ஊழியர் பேசினார். குடிவந்த தேதியைக் கேட்டார். வாடகை ஒப்பந்தத்தின் படத்தையும் மீட்டரின் படத்தையும் அனுப்பச் சொன்னார். எட்டாம் நாள் எங்கள் பெயரில் புதிய கார்டு வந்தது. செருகியதும் கடன் திரை பூச்சியத்துக்குப் போனது. எட்டு வாரத்துக்கு அவர்கள் பிடித்த 60 பவுணைத் திருப்பிக் கேட்டேன், முதலில் தயங்கினார்கள். எழுத்தில் புகார் கொடுத்தேன். எட்டு வாரத்துக்குள் முடிக்காவிட்டால், இத்தகைய புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் கடிதத்தில் குறிப்பிட்டேன். மூன்றாம் வாரம் பணம் வந்துவிட்டது.

குரொய்டன்

உங்கள் மாமியைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது அக்கா. எனக்கு நடந்தது வேறு மாதிரி.

எனக்குக் கடன் எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தி அதை முதலிலேயே பார்த்துவிட்டேன். ஆனால் மீட்டர் அளவே எகிறியது. பகல் முழுவதும் வீட்டில் யாரும் இல்லை, பாய்லரும் அணைந்திருக்கிறது, மாலையில் வந்து பார்த்தால் இரண்டு கன மீட்டர் கூடியிருக்கும். ஒரு சனிக்கிழமை பாய்லரையும் அடுப்பையும் முழுவதுமாக அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். கடைசி இலக்கம் என் கண்ணெதிரே நகர்ந்தது.

எனக்கு மணம் ஒன்றும் வரவில்லை. என்றாலும் எங்கேனும் கசிகிறதோ என்று பயந்து 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைத்தேன். இலவச எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மின்சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், நெருப்பு மூட்டாதீர்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள், மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள பிடியைத் திருப்பிக் காஸை நிறுத்துங்கள் என்றார்கள். நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் மேல்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு படியிறங்கி வந்தார். அவர்கள் வீட்டு பாய்லர் அணைந்துவிட்டதாம்.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. வந்த பணியாளரும் தரைப்பலகையைக் கிளப்பிக் காட்டினார். ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்தபோது மேலே போகும் குழாயை என் மீட்டரைத் தாண்டிய இடத்தில் இணைத்திருக்கிறார்கள். மேல்வீட்டார் வாடகையோடு காஸுக்கும் சேர்த்து வீட்டுக்காரரிடம் மாதாமாதம் பணம் கொடுத்துவந்திருக்கிறார்கள். எரிந்தது என் காசு.

குழாயை அடைத்துவிட்டுத்தான் அவர் போக வேண்டியிருந்தது. ஜனவரி மாதம், பச்சைக் குழந்தை. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. தனி மீட்டர் வரும்வரை அந்தப் பெண் எங்கள் வீட்டில்தான் குழந்தையைக் குளிப்பாட்டினார். வீட்டுக்காரரிடம் இருந்து பணத்தை மீட்கத்தான் மாநகர சபையின் வீட்டுவசதிப் பிரிவுவரை போக நேர்ந்தது. குழாய் வேலையை, காஸ் வேலைக்காரர்களுக்கான காஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். முன்பு இருந்த கோர்கி பதிவுக்குப் பதிலாக 2009இல் வந்ததுதான் இது. வேலை செய்தவரின் பதிவு எண்ணைக் கேட்டேன். வீட்டுக்காரரிடம் பதில் இல்லை.

லெஸ்டர்

நான் தனியாக இருப்பவள். கோடையில் மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். ஜூன் முதலாம் தேதி புறப்படும்போது மீட்டரில் ஒரு சதமும் இல்லை. ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு என்று ஏற்றாமலே போனேன். செப்டம்பரில் திரும்பி வந்து 30 பவுண் ஏற்றினேன். திரையில் 2.40தான் நின்றது. கார்டு பழுது என்று நினைத்துக் கடைக்காரத் தம்பியோடு வாக்குவாதமே செய்துவிட்டேன், பாவம். பிறகு மகன்தான் விளக்கினான்: 92 நாள், நாளுக்கு 30 பென்ஸ், 27.60. பூட்டிய வீட்டுக்கும் நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு பிடி காஸ் எரிக்காதவளிடம் இப்படி வாங்குவது நியாயமே இல்லை.

இப்போது ஒரு சந்தேகம். நேற்று இரவு ஹீட்டிங் போடவில்லை, சமைக்கவும் இல்லை. விடிந்து பார்த்தால் ஒரு பவுணுக்கு மேல் குறைந்திருக்கிறது. இது எதனால்?

ஈஸ்ட் ஹாம்

அம்மா, நிலைக்கட்டணம் ஓர் இரவுக்கு ஒரு பவுண் வராது. முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்திக் கடன் திரையைப் பாருங்கள். காசு தீர்ந்தபோது மீட்டர் தரும் அவசரக் கடனை எடுத்திருந்தீர்களா என்றும் யோசியுங்கள். அடுத்த முறை காசு ஏற்றும்போது அதை முதலில் கழித்துக்கொள்வார்கள்.

கடன் இல்லையென்றால் பாய்லரைப் பாருங்கள். தொட்டி இல்லாத கொம்பி பாய்லர் என்றால், குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர் வருவதற்காகச் சிலவற்றில் முன்சூடாக்கும் வசதி இருக்கும். இரவு முழுவதும் அது தானாக எரிந்து எரிந்து அணையும். சில பாய்லர்களில் ஈக்கோ என்ற நிலைக்கு மாற்றினால் நின்றுவிடும். அதற்குப் பிறகு சுடுதண்ணீர் வரச் சற்று நேரம் எடுக்கும். ஆனால் இதற்கு மட்டும் ஓர் இரவில் ஒரு பவுண் போவது எனக்கு அதிகமாகவே படுகிறது.

அதனால் இன்றிரவு படுக்கப் போகுமுன் பாய்லரையும் அடுப்பையும் அணைத்துவிட்டு மீட்டர் இலக்கங்களைப் புள்ளிக்குப் பின்னால் உள்ளவை உட்பட எழுதுங்கள். காலையில் எதையும் போடுமுன் மறுபடி எழுதுங்கள். ஓர் இலக்கம் நகர்ந்திருந்தாலும் மணம் வருகிறதா என்று காத்திருக்காமல், குரொய்டன் தங்கை சொன்ன அந்த எண்ணை உடனே அழையுங்கள். நகராவிட்டால் இரண்டு அளவுகளையும் மீதிக் காசையும் இங்கே எழுதுங்கள். நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.