கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைப்பதற்கு முன் விந்தணு எடுத்து வைக்க வேண்டுமா? தம்பிக்காகக் கேட்கிறேன்

மன்னார்குடி அக்கா:
தம்பிக்கு 26 வயது, கல்யாணம் ஆகவில்லை. வலது விரையில் கட்டி வந்து, விரையையே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் செமினோமா (ஒரு வகை விரைப் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது. வயிற்றில் இருக்கும் நிணநீர்க் கட்டிகளுக்குக் கரண்ட் வைக்க வேண்டுமாம், எந்த இடத்தில் வைப்பது என்று உடம்பில் மார்க் போட அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் குழந்தை பிறக்குமா என்று டாக்டரிடம் கேட்கவே அவன் கூச்சப்படுகிறான். சம்பா அறுவடை முடிந்ததும் பெண் பார்க்கலாம் என்றிருந்த அம்மா இப்போது அழுதுகொண்டே இருக்கிறார். இன்னொரு விரை இருக்கிறதே, அதை மூடிவிட்டுத்தான் கரண்ட் வைப்பார்கள், ஒன்றும் ஆகாது என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். அது போதுமா?

குடந்தைக்காரன்:
போதாது அக்கா, எடுத்து வையுங்கள். எனக்கும் இதே செமினோமாதான். கரண்ட் முடிந்தபிறகு விந்தணு எண்ணிக்கை அடியோடு விழுந்து, ஒரு வருடத்துக்கு மேல் ஆகித்தான் ஏறியது. இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், சேமித்ததைத் தொடவே தேவைப்படவில்லை, ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அந்தக் காலத்தைக் கடந்தேன். ரத்தத்தில் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பார்ப்பார்கள், அப்புறம் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு சாம்பிள் கொடுத்தால் போதும், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்துவிடுவார்கள். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021 சட்டப்படி பதிவு பெற்ற இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வருடக் கட்டணத்தையும் முன்பே கேளுங்கள்.

திருச்சி டெக்னீஷியன்:
தங்கச்சி, நான் ரேடியோதெரபியில் வேலை பார்க்கிறேன். காரீயக் கவசம் வைப்போம், கட்டாயம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அது வெளியிலிருந்து சிதறி வரும் கதிரைத்தான் தடுக்கும், உடம்புக்குள்ளேயே சிதறி இறங்குவதை ஒன்றும் செய்ய முடியாது. வயிற்றுக்குக் கொடுப்பது 20 முதல் 36 கிரே (கதிரின் அளவு) வரை, விந்தணு உற்பத்தியோ 0.1 கிரே பட்டாலே குறைய ஆரம்பிக்கும். கரண்ட் இடுப்பு வரை இறங்கினால் இன்னும் அதிகமாகப் படும். ஆண்மை ஹார்மோன் சுரக்கும் செல்கள் இந்தச் சிதறலைத் தாங்கும், அதனால் தாம்பத்தியத்துக்குக் குறை வராது என்று தம்பியிடம் தெளிவாகச் சொல்லுங்கள், பையன்கள் வெளியே சொல்லாமல் பயப்படுவது இதற்குத்தான்.

மன்னார்குடி அக்கா:
ரொம்ப நன்றி அண்ணா. தம்பியிடம் காட்டினேன், சரி என்றுவிட்டான். ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது எடுத்தால் அணு இருக்குமா? கரண்ட் ஆரம்பித்தபிறகு எடுக்கலாமா?

திருச்சி டெக்னீஷியன்:
ஆரம்பித்தபிறகு வேண்டவே வேண்டாம், அந்த அணுக்களின் மரபணு சேதமாகியிருக்கலாம். முடிந்த பிறகும் ஒரு வருடமாவது கருத்தடை அவசியம். இந்த நோயில் முதலிலேயே எண்ணிக்கை குறைவாக இருப்பது சகஜம், அதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். ஆய்வகத்தில் முட்டைக்குள் அணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஒரு அணு போதும். சாம்பிளில் எதுவுமே இல்லையென்றாலும், மிச்சமுள்ள விரையிலிருந்து ஊசியாலோ சின்ன ஆபரேஷனிலோ எடுத்துப் பார்க்கலாம். மார்க் போடும் நாள் வரை காத்திருக்காமல் நாளைக்கே டாக்டருக்கு போன் செய்து, விந்தணு சேமித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். சில நாள் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், ஆனால் அவர் சொல்லும் தேதியைத் தாண்ட வேண்டாம்.