மறு: கலத்தில் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும் சூத்திரம், தமிழில் என்ன?

கிளிநொச்சியிலிருந்து:
ஐயாமாருக்கும் அண்ணைமாருக்கும் வணக்கம். சாதாரண தர வகுப்புக்கான விரிதாள் பயிற்சி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏ நிரலில் மாங்குளம், நெடுங்கேணி, கனகராயன்குளம், முறிகண்டி. எந்தக் கலத்தில் 'குளம்' இருக்கிறது? சேர்ச் (SEARCH) சார்பு அது தொடங்கும் இடத்தை எண்ணாகத் தரும், இல்லையென்றால் வழுக் காட்டும். அதை, எண்தானா என்று பார்க்கும் இஸ்நம்பருக்குள் (ISNUMBER) போட்டால் உண்மை, பொய் என்று வந்துவிடும். இதற்கு 'உட்சொல் சோதனை' என்று போடலாமா? பிள்ளைகள் 'இருக்கோ பாக்கிற சூத்திரம்' என்கிறார்கள்.

வவுனியாவிலிருந்து:
தங்கச்சி, 'சொல்' பொருந்தாது. 'குள' என்று அரைகுறையாகக் கொடுத்தாலும் அது பிடிக்கும், குளவியையும் சேர்த்து. முழுதாகக் 'குளம்' என்று கொடுத்தால் 'குளத்தடி' தப்பிவிடும்: மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டதே! தொல்காப்பியப் புணரியலில் சாரியைகளை அடுக்கும்போது அத்து மூன்றாவது. சரி, பெயருக்கு வருவோம். தொல்காப்பியர் தந்த 'உள்ளுறை' இருக்க வேறெதற்கு? 'உள்ளுறைச் சோதனை'.

முல்லைத்தீவிலிருந்து:
ஐயா கோபிக்கக் கூடாது. உள்ளுறை என்பது வெளியே சொல்லாமல் வைத்த பொருள். இங்கே 'குளம்' கண்முன்னே கிடக்கிறது. 'பொதிவுச் சோதனை' என்போம். பொதிதல் என்றால் உள்ளடங்குதல். பொதியில் மலையும் இதே வேராக இருக்கலாம்.

வவுனியாவிலிருந்து:
பொதியில் என்பது பொது இல், மன்றம். மலையை இழுக்காதீர்கள். வன்னியில் பொதி என்றால் நிவாரணப் பொதிதான்.

மல்லாவியிலிருந்து:
பெயர் கிடக்கட்டும். எங்கள் பழைய பட்டியல் பாமினியில் அடித்தது; ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு அது. யுனிகோடில் 'குளம்' தேடினால் ஒன்றும் அகப்படாது, திரையில் மட்டும் குளம் குளமாகத் தெரியும். இன்னொன்று: மாங்குளத்துக்கு 5 வருகிறது. பிள்ளை மா, ங், கு என்று விரல்விட்டு எண்ணி 3 என்கிறான். கணினிக்குக் காலும் புள்ளியும் தனித்தனி. அவனுக்கு யார் புள்ளி குறைப்பது?

கிளிநொச்சியிலிருந்து:
அண்ணை, அந்த 5ஐ அடிக்குறிப்பில் போட்டுவிட்டேன். தலைப்பில் 'உள்ளதா சோதனை'. தனிமடலிலும் சேர்த்து நாலு பேர் சரி என்றார்கள். அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

வவுனியாவிலிருந்து:
உள்ளது குறிப்பு வினைமுற்று, அதன்மேல் வினா ஆகாரம். முழு வாக்கியத்தைப் பிடித்துப் பெயருக்கு அடையாக்கிவிட்டீர்கள். அதற்குப் பிள்ளைகளின் 'இருக்கோ'வே மேல். அடுத்த பதிப்புக்கு முன் எனக்கு ஒரு மடல் போடுங்கள்.